புர்கோஸ் லாஸ் உவெல்காஸ்: கன்னியர் இன்றும் வாழும் அரச மடத்தைப் பார்ப்பது எப்படி

ஸ்பெயினின் வடபகுதியில் உள்ள புர்கோஸ் நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பேராலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பேராலயத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில், அர்லான்சோன் ஆற்றுக்கு அப்பால், சாந்தா மரியா லா ரெயால் தே லாஸ் உவெல்காஸ் என்ற சிஸ்டர்சியன் கன்னியர் மடம் இருக்கிறது. காஸ்டில் அரசர் எட்டாம் அல்ஃபோன்சோவும் அரசி லெயோனோரும் 1187இல் நிறுவியது. லெயோனோர் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் மகள். அன்று தொடங்கிய துறவுக் குடும்பம் இன்றும் அங்கேயே வாழ்கிறது, வேளை தவறாமல் திருப்பாடல்களைப் பாடுகிறது. சுற்றுலா வழிகாட்டி நம்மை அழைத்துப் போவது அவர்களுடைய வீட்டின் ஒரு பகுதிக்குள் மட்டுமே.

உள்ளே நுழைந்ததும் பலருக்குக் குழப்பம் வரும். வெளியே நீளமாகத் தெரிந்த கோவில் உள்ளே குட்டையாக இருக்கும். பீடமும் அதன் முன்னால் குறுக்குக்கூடமும்தான் கண்ணில் படும். மக்கள் உட்கார வேண்டிய நீண்ட நடுக்கூடம் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் நிற்கும். கோவில் பாதியில் நின்றுபோனதோ என்று தோன்றும். உண்மையில் நடுக்கூடம் முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அது கன்னியருடையது. மக்களுக்கு விடப்பட்டது குறுக்குக்கூடம் மட்டும். இந்தச் சுவர் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் மடத்தின் மற்றப் பகுதிகள் தாமாகவே விளங்கத் தொடங்கும்.

சிஸ்டர்சியன் சபை 1098இல் பிரான்சின் சித்தோ என்ற இடத்தில் பிறந்தது. ஆசீர்வாதப்பர் எனத் தமிழ்க் கத்தோலிக்கர் அழைக்கும் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே தொடங்கியவர்களின் நோக்கம். இரவில் ஒருமுறையும் பகலில் ஏழுமுறையும் கூடி மன்றாடுவது, 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்தில் பாடி முடிப்பது, கைகளால் உழைத்து உண்பது, வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்பது ஆகியவை அந்த ஒழுங்கின் முதுகெலும்பு. ஆண்களுக்கென ஏற்பட்ட சபையில் பெண்களுக்கான மடங்கள் விரைவிலேயே தோன்றின. ஸ்பெயினில் முதலில் வந்தது நவார்ராவின் துலேப்ராஸ். அங்கிருந்து வந்த கன்னியரைக் கொண்டுதான் லாஸ் உவெல்காஸ் தொடங்கப்பட்டது. மிசோல் என்பவர் முதல் மடத்தலைவி.

உள்ளடைப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெண் துறவியர் மடத்தை விட்டு வெளியே போகக் கூடாது, வெளியார் உள்ளே வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டைத் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் 1298இல் திருச்சபை முழுமைக்கும் சட்டமாக்கினார். 1563இல் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் அதை மீண்டும் வலியுறுத்தியது. நகர மதில்களுக்கு வெளியே தனித்து நிற்கும் கன்னியர் மடங்கள் பாதுகாப்புக்காக ஊருக்குள் வர வேண்டும் என்றும் அது சொன்னது. கத்தலோனியாவின் வால்போனா மடத்தார் இடத்தை விட்டு நகர மனமில்லாமல் வேறொரு வழி கண்டார்கள். அருகிலிருந்த மோந்தெஸ்கியூ ஊர்க்காரர்களை 1573இல் அழைத்து வந்து மடத்தைச் சுற்றிக் குடியமர்த்தினார்கள். மடம் ஊருக்குப் போகவில்லை, ஊர் மடத்துக்கு வந்தது. இன்று வால்போனாவுக்குப் போகிறவர்கள் கோவில் சுவரை ஒட்டி வீடுகள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்து வியப்பதற்குக் காரணம் இதுதான்.

புர்கோஸில் உள்ளடைப்பின் தடயம் கோவிலுக்குள் தெரிகிறது. சுவருக்கு இரு பக்கமும் ஆட்கள் இருந்தால் மறையுரை ஆற்றும் குருவானவர் எந்தப் பக்கம் நிற்பது? அதற்கு 1560இல் ஒரு விடை கண்டார்கள். பொன்முலாம் பூசிய இரும்பு மேடை ஒன்றை அச்சில் சுழலும்படி அமைத்தார்கள். குருவானவர் மேடையோடு ஒருபுறம் திரும்பினால் மக்களை நோக்குவார், மறுபுறம் திரும்பினால் கன்னியரை நோக்குவார். சுற்றுலாக் குழுக்கள் இதைப் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். வழிகாட்டி பேசி முடித்ததும் மேடையின் அடிப்பகுதியையும், அங்கிருந்து இரு பக்கமும் பார்வை எப்படிப் போகிறது என்பதையும் நின்று கவனியுங்கள். இந்த மடத்தில் நெஞ்சைத் தொடும் பொருள் எனக்கு அதுதான். ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாத இரண்டு கூட்டங்களுக்கு ஒரே சொல்லைக் கொண்டுசேர்க்கக் கொல்லர்கள் எடுத்த முயற்சி அது.

இப்படி அடைபட்டு வாழ்ந்தவர்களை அதிகாரமற்றவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. லாஸ் உவெல்காஸின் மடத்தலைவி அளவுக்கு ஆட்சியுரிமை பெற்ற பெண் துறவியர் ஐரோப்பாவில் மிக அரிது. ஐம்பதுக்கு மேற்பட்ட ஊர்கள் மடத்துக்குச் சொந்தம். அவற்றில் வரி வாங்குவதும் வழக்குத் தீர்ப்பதும் அவர் பொறுப்பு. அந்தப் பகுதி எந்த ஆயருக்கும் கட்டுப்பட்டதல்ல, நேரே திருத்தந்தைக்குக் கீழ்ப்பட்டது. அங்கே குருவானவர்கள் பாவசங்கீர்த்தனம் கேட்கவோ மறையுரை ஆற்றவோ மடத்தலைவியின் அனுமதிச் சீட்டு வேண்டும். 1189இலேயே காஸ்டில், லெயோன் பகுதிகளின் சிஸ்டர்சியன் மடத்தலைவிகள் இங்கே பேரவை கூடினார்கள். புனித யாக்கோபின் திருத்தலமான சாந்தியாகோவுக்குச் செல்லும் திருப்பயணிகளுக்காக அரசர் கட்டிய ஓஸ்பிதால் தெல் ரே மருத்துவ விடுதியும் மடத்தலைவியின் கீழ்தான் இருந்தது. அந்தக் கட்டடம் சற்றே மேற்கில் உள்ளது, இப்போது புர்கோஸ் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை அங்கே இயங்குகிறது. வாயில் சிற்பங்களைப் பார்ப்பதற்காகவே அங்கு வரை நடக்கலாம்.

1210இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் எழுதிய மடல் ஒன்று இருக்கிறது. புர்கோஸ், பலென்சியா மறைமாவட்டங்களின் மடத்தலைவிகள் தங்கள் கன்னியருக்கு ஆசி வழங்குகிறார்கள், பாவ அறிக்கை கேட்கிறார்கள், நற்செய்தி வாசித்து வெளிப்படையாக மறையுரை ஆற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் தடை விதிக்கிறார். வழக்கம் வேரூன்றியிருந்ததால்தான் தடை தேவைப்பட்டது. அந்த மடல் தடுத்தது குருவானவரின் பணிகளை மட்டுமே. ஆட்சியுரிமை மேலும் ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்து, 1873இல் ஒன்பதாம் பத்திநாதர் காலத்தில்தான் நீங்கியது. அதற்கு முன்பே 19ஆம் நூற்றாண்டு அரசுகள் திருச்சபைச் சொத்துகளைப் பறிமுதல் செய்ததில் நிலங்கள் போய்விட்டிருந்தன.

அந்தப் பறிமுதலின்போது ஸ்பெயினின் ஆண் துறவியர் மடங்கள் ஏறக்குறைய எல்லாமே மூடப்பட்டன. கத்தலோனியாவின் சிஸ்டர்சியன் மடமான பொப்லே 1835இல் காலியாகி, துறவியர் 1940இல்தான் திரும்பினார்கள். அதே பகுதியின் சாந்தெஸ் கிரெயூஸ் மடம் இன்றும் துறவியர் இல்லாத நினைவுச்சின்னம். பெண்கள் மடங்கள் மீது அந்தச் சட்டங்கள் அவ்வளவு கடுமையாக விழவில்லை. லாஸ் உவெல்காஸுக்கு அரச குடும்பத்தின் புரவலர் உரிமையும் துணையாக இருந்தது. இடைக்காலச் சிஸ்டர்சியன் கட்டடம் ஒன்றில் அறுபடாத துறவு வாழ்வைக் காண விரும்புகிறவர் கன்னியர் மடத்தைத் தேடிப் போக வேண்டியிருப்பது இதனால்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் போவோம். நடுக்கூடத்தில் கன்னியரின் பாடல் இருக்கைகளுக்கு இடையே, சிங்க உருவங்கள் தாங்க, நிறுவனர் இருவரின் இரட்டைக் கல்லறை நிற்கிறது. இருவரும் 1214 அக்டோபரில், சில வார இடைவெளியில் இறந்தார்கள். அரசர் மடத்தலைவிக்குச் சாசனம் கொடுக்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலானோர் மேல்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். முக்கோண முகப்புப் பக்கம் தேடினால் அந்தச் சிறு சிற்பம் கிடைக்கும். பக்கக்கூடங்களில் அரச குடும்பத்தாரின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நிறுவனர்களின் மகன் முதலாம் என்ரிகே சிறுவனாகவே அரசனாகி, 1217இல் பலென்சியாவில் கூரை ஓடு தலையில் விழுந்து இறந்தான். அவனுடைய மண்டையோட்டில் அறுவை செய்து துளையிட்ட தடயம் இருப்பது 20ஆம் நூற்றாண்டு ஆய்வில் தெரிந்தது.

அந்த ஆய்விலிருந்துதான் இங்குள்ள துணி அருங்காட்சியகம் பிறந்தது. 1808இல் நெப்போலியனின் படையினர் கல்லறைகளை உடைத்து நகைகளை அள்ளிச் சென்றார்கள். துணிகள் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. 1940களின் தொடக்கத்தில் தொல்லியலாளர் மனுவேல் கோமெஸ்-மொரேனோ தலைமையில் கல்லறைகளைத் திறந்தபோது 13ஆம் நூற்றாண்டுப் பட்டாடைகள் உள்ளே இருந்தன. காற்றுப் புகாத கல்பெட்டிகளும் புர்கோஸின் உலர்ந்த குளிரும் அவற்றைக் காப்பாற்றியிருந்தன. படையினரின் கண்ணில் படாமல் தப்பிய ஒரே கல்லறை, 1275இல் இறந்த இளவரசர் ஃபெர்னாந்தோ தே லா செர்தாவினுடையது. அவருடைய உள்ளங்கி, கையில்லா மேலங்கி, போர்வை, தொப்பி, அரைக்கச்சை எல்லாம் ஒரே தொகுப்பாகக் கிடைத்தன. கோட்டையும் சிங்கமும் மாறி மாறி நெய்த காஸ்டில்-லெயோன் சின்னம் ஆடை முழுக்க ஓடுகிறது. இடைக்கால உடையை ஓவியங்களிலும் சிலைகளிலும் மட்டுமே கண்டவர்களுக்கு, தையல் எங்கே வந்தது, பக்கவாட்டில் கயிறு எப்படிக் கோக்கப்பட்டது என்று நேரில் பார்க்க முடிவது பெரிய பேறு.

அதே அருங்காட்சியகத்தில் 1246இல் இறந்த நிறுவனர்களின் மகள் அரசி பெரெங்கேலாவின் தலையணை உறையைத் தவறவிடாதீர்கள். சிவப்புப் பின்னணியில் வட்டத்துக்குள் இரண்டு உருவங்கள், சுற்றிலும் அரபு எழுத்து. "இறைவனைத் தவிர வேறு இறைவன் இல்லை" என்பது அதன் பொருள். முஸ்லிம்களை எதிர்த்துப் போரிட்ட குடும்பத்தின் கிறிஸ்தவ அரசி, அரபு வரி நெய்த தலையணையில் தலைவைத்து அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். முஸ்லிம்கள் ஆண்ட தெற்கு ஸ்பெயினின் அந்தலூசிய நெசவு அன்று உயர்வின் அடையாளம், அதை வாங்கி அணிவதற்கு மதம் குறுக்கே நிற்கவில்லை. எட்டாம் அல்ஃபோன்சோ முஸ்லிம் படையை 1212இல் வென்ற லாஸ் நாவாஸ் தே தொலோசா போரில் கைப்பற்றியதாக மரபு சொல்லும் பெரிய கொடித்துணியும் இந்த மடத்தின் உடைமை. அது அந்தப் போரில் கிடைத்ததுதானா என்று அறிஞர்கள் ஐயப்படுகிறார்கள். எதிரிக் கலீபாவின் கூடாரத் துணி அது என்று வழிகாட்டி சொல்லும் கதையை மரபாக எடுத்துக்கொண்டு, நெசவை மட்டும் கவனித்தாலே போதும்.

பட்டும் சாயமும் ஒளிபட்டால் மங்கிவிடும் என்பதால் அருங்காட்சியகத்தில் வெளிச்சம் மிகக் குறைவு. வெயிலிலிருந்து நேரே உள்ளே போனால் சில நிமிடங்களுக்கு ஒன்றும் தெரியாது. கண் பழகும் வரை முதல் பெட்டியிலேயே நின்றுவிட்டுப் பிறகு நகருங்கள். இது சுற்றின் கடைசிப் பகுதி என்பதால் பலரும் களைத்துப்போய் வேகமாகக் கடந்து ஏமாறுகிறார்கள்.

நடைமுற்றங்கள் இரண்டு. கிளாவுஸ்திரிய்யாஸ் எனப்படும் சிறியது 12ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. இரட்டைத் தூண்களும் இலைவடிவப் போதிகைகளும் கொண்ட அமைதியான ரோமனெஸ்க் வேலை, மடத்தின் மிகப் பழைய பகுதிகளில் ஒன்று. சான் ஃபெர்னாந்தோ எனப்படும் பெரியது 13ஆம் நூற்றாண்டினது. அதன் கூரைவளைவுகளில் சுதைவேலையின் எச்சங்களை அண்ணாந்து பார்த்தால் மயில்களும் கோட்டைகளும் அரபு எழுத்துக் கோலங்களும் தெரியும். வீண் அலங்காரம் கூடாது என்று தொடங்கிய சபையின் மடத்தில் இவ்வளவு அலங்காரமா என்று கேட்கலாம். எளிமையை வலியுறுத்திய சிஸ்டர்சியன் தலைவர் புனித பெர்நார்து பார்த்திருந்தால் வருந்தியிருப்பார். ஆனால் இது அரசர்கள் அடக்கமான இடம், மடத்தில் சேர்ந்தவர்களிலும் அரச குடும்பத்துப் பெண்கள் இருந்தார்கள். எளிமையும் அரண்மனைத் தன்மையும் இங்கே தொடக்கத்திலிருந்தே ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

பெரிய முற்றத்தை ஒட்டிய பேரவைக் கூடத்தில்தான் ஒழுங்கின் ஓர் அதிகாரம் நாள்தோறும் வாசிக்கப்பட்டது, மடத்தின் முடிவுகள் எடுக்கப்பட்டன. 1937 டிசம்பரில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் இயக்கத்துத் தேசியக் குழு உறுதிமொழி ஏற்றதும் லாஸ் உவெல்காஸில்தான். அரசச் சடங்குகளுக்கு இந்த மடத்தைத் தேர்வது பழைய வழக்கம். காஸ்டில் அரசர் மூன்றாம் ஃபெர்னாந்தோ 1219இல் இங்கே வீரப்பட்டம் ஏற்றார். பின்னாளில் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டான இளவரசர் 1254இல் இங்கே மணம் முடித்தார். சாந்தியாகோ சிற்றாலயத்தில் கையை அசைக்கக்கூடிய புனித யாக்கோபு (ஸ்பானியத்தில் சாந்தியாகோ) சிலை ஒன்று வாளோடு அமர்ந்திருக்கிறது. மனிதர் எவரிடமும் அரசர் பட்டம் பெறக் கூடாது என்பதால் அச்சிலையின் கையால் பெற்றார்கள் என்பது மரபு.

மடத்தின் உண்மையான செல்வம் எது என்று கேட்டால் கொடியையும் ஆடைகளையும் விட இசைச்சுவடியையே நான் சொல்வேன். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட லாஸ் உவெல்காஸ் சுவடியில் நூற்றெண்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன, பெரும்பகுதி, வெவ்வேறு மெட்டுகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் பலகுரல் இசை. பலகுரல் பாடலைச் சிஸ்டர்சியன் சபை விரும்பவில்லை, ஆனாலும் இங்கே பாடினார்கள். எட்டாம் அல்ஃபோன்சோவின் மறைவுக்கான புலம்பலும், மடத்தலைவி ஒருவரின் மறைவுக்கான புலம்பலும், கன்னியருக்கான இருகுரல் ஸ்வரப் பயிற்சியும் அதில் உண்டு. 1904இல் சீலோஸ் மடத்துத் துறவியர் இதைக் கண்டறிந்தார்கள், 1931இல் இசை ஆய்வாளர் ஹிகினி ஆங்கிலெஸ் பதிப்பித்தார். எழுதப்பட்ட இடத்திலேயே எழுநூறு ஆண்டுகளாக இருக்கும் இசைச்சுவடிகள் மிகக் குறைவு. போவதற்கு முன் இப்பாடல்களின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டுப் போனால் நடுக்கூடத்தில் நிற்கும்போது கல்லறைகளை மட்டும் பார்க்க மாட்டீர்கள்.

இனி நடைமுறை. மடத்தின் பார்வைப் பகுதியை நிர்வகிப்பது பத்ரிமோனியோ நாசியோனால் என்ற அரசு அமைப்பு. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும், சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம். திங்கள் விடுமுறை. மற்ற நாள்களில் காலையில் திறந்து நண்பகலுக்குப் பின் மூடி மாலையில் மீண்டும் திறப்பார்கள், ஞாயிறு மாலை இல்லை. பலர் தவறுவது இங்கேதான். பேராலயத்தில் காலையைக் கழித்துவிட்டு ஒரு மணிக்கு மேல் வந்தால் கடைசிக் குழு நிரம்பியிருக்கும், அடுத்த திறப்புக்கு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். மடத்தை முதலிலும் பேராலயத்தைப் பிறகும் வைத்துக்கொள்வது நல்லது. குழுவுக்கு ஆள் வரம்பு உண்டு என்பதால் இணையத்தில் முன்பதிவு செய்து, நேரத்தையும் அப்போதே சரிபாருங்கள். பெரும்பாலான சுற்றுகள் ஸ்பானிய மொழியில்தான். ஆங்கிலச் சுற்று வேண்டுமானால் முன்கூட்டியே கேட்க வேண்டும். சில பிற்பகல்களில் உள்ள இலவச அனுமதி ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கும் இபெரோ-அமெரிக்க நாட்டாருக்கும்தான், இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்குப் பொருந்தாது. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள்.

மத்ரித்திலிருந்து புர்கோஸ் சுமார் 240 கிலோமீட்டர். 2022 முதல் அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுவிடுகிறது. ஆனால் நிலையம் நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் பேருந்துக்கோ டாக்சிக்கோ நேரம் ஒதுக்குங்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேல் இருக்கிறது, கல்கட்டடத்தின் உள்ளே வெளியைவிடக் குளிரும். ஜூன் மாதத்திலும் ஒரு மேலாடை கையில் இருக்கட்டும். கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா வியாழனுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை எல் குர்பிய்யோஸ் திருவிழா. மடத்தின் கொடித்துணியினுடைய நகலைச் சுமந்து ஊர்வலம் போகும், அருகிலுள்ள எல் பார்ரால் பூங்காவில் ஊரே கூடி உண்ணும். திருவிழா காண வேண்டுமானால் அன்று போங்கள், கல்லறைகளை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் வேறு நாள் தேர்ந்தெடுங்கள்.

சுற்றுலாச் சுற்று மட்டும் போதாது என்று நினைப்பவர்கள் மாலைப் புகழ் வழிபாட்டுக்குப் போகலாம். அதற்குக் கட்டணமில்லை, வழிகாட்டியும் இல்லை. அன்றைய நேரத்தை வாயிலில் கேட்டுக்கொண்டு, பத்து நிமிடம் முன்பாகவே போய் அமருங்கள், தொடங்கிய பிறகு நுழைவது பாடலைக் குலைக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை, அணைத்து வைத்த கைபேசி. திருப்பாடலின் ஒவ்வொரு அடியும் நடுவில் சற்று நின்று தொடரும். அந்த நிறுத்தம் எதிரெதிரே பாடும் கன்னியரின் இரு வரிசைகளும் சேர்ந்து மூச்செடுப்பதற்கானது, முடிந்துவிட்டது என்று எண்ணி எழுந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பாடலின் முடிவிலும் "தந்தைக்கும் மகனுக்கும்" என்ற புகழுரைக்கு எல்லோரும் தலைவணங்குவார்கள். கிறிஸ்தவர் அல்லாதவர் அமைதியாக அமர்ந்திருந்தாலே போதும்.

ஸ்பெயினின் அடைப்பு மடங்களில் பலகாரமோ கைவேலைப் பொருளோ வாங்க நேர்ந்தால் சுவரில் பதித்த சுழல்பெட்டியைச் சந்திப்பீர்கள். மணியை அழுத்தியதும் உள்ளிருந்து "ஆவே மரியா புரிசிமா" (தூய்மைமிகு மரியே வாழ்க) என்ற குரல் வரும், "சின் பெகாதோ கொன்செபிதா" (பாவமின்றி உற்பவித்தவரே) என்று மறுமொழி சொல்வது வழக்கம். வேண்டியதைச் சொல்லிப் பணத்தைப் பெட்டியில் வைத்தால் அது சுழன்று உள்ளே போகும், பொருளோடும் சில்லறையோடும் திரும்பி வரும். அட்டை எல்லா இடத்திலும் செல்லாது, சிறு நோட்டுகளாக வைத்திருங்கள். எட்டிப் பார்க்க முயல வேண்டாம், யாரும் தெரியாதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது.

இந்த வாழ்வு எவ்வளவு காலம் தொடரும் என்ற கேள்வி ஐரோப்பாவின் எல்லாக் கன்னியர் மடங்களையும் அழுத்துகிறது. வத்திக்கான் 2018இல் வெளியிட்ட விதிகளின்படி, முழு வாக்குறுதி எடுத்த கன்னியர் ஐந்து பேராகக் குறைந்தால் அந்த மடம் தன் தலைவியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை இழக்கும். அதன் பிறகு வேறு மடத்தோடு இணைப்பதா, மூடுவதா என்ற ஆய்வு தொடங்கும். பலென்சியா மாகாணத்தின் வடக்கே உள்ள சான் அந்திரேஸ் தே அர்ரோயோ போன்ற, 12ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் சிறு மடங்களுக்கு இது உடனடிக் கவலை. அதன் நடைமுற்றப் போதிகைச் சிற்பங்கள் லாஸ் உவெல்காஸைவிட நுட்பமானவை, கூட்டமும் கிடையாது. புர்கோஸிலிருந்து வாடகைக் காரில் ஒரே நாளில் போய்வரலாம். இப்படிப்பட்ட இடங்களைப் பட்டியலின் கடைசியில் வைக்காமல் முதல் பயணத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுவிட்டு.